பச்சையில் சிவப்பு வரி

ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்பிலிருந்து ஆள் வருகிறார்
கார் பார்க்க.
எல்லா லைட்டும் எரிய வேணுமாம்.
ஒன்று குறைந்தாலும் ஐம்பதாயிரம் குறைப்பாராம்.

வியாழனிலிருந்து மொறிஸ் மைனரின் டாஷ்போர்டுக்குக் கீழே
மல்லாந்து கிடக்கிறேன்,
கால் இரண்டும் குருக்கள்மடத்தில், அக்காவின் முற்றத்தில்.
களுவாஞ்சிக்குடி டிப்போவில் பஸ்ஸுக்கு வயர் இழுத்து
இருபத்திரண்டு வருஷம்.
பஸ்ஸென்றால் நிமிர்ந்து நிற்கலாம்.

பழைய வயர்க்கட்டைக் கழற்றினால்
துணியுறை விரலில் மாவாய் உதிர்ந்தது.
உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது, வாவிக்காற்று.
வெட்ட வெட்டப் பச்சை,
ஒரு முழம் தாண்டியும் பச்சை.
ஸ்பீட் மீற்றருக்குப் பின்னால் எலியொன்று
அதிர்ஷ்டலாபச் சீட்டைக் கிழித்து
மெத்தை போட்டிருந்தது.
முழுக் காருக்கும் ரெண்டே ரெண்டு பியூஸ்.
மிச்சமெல்லாம் இங்கிலாந்துக்காரனின் துணிச்சல்.

நிறத்தை நிறத்தோடு சேர்க்கிறேன்.
மண்ணிறம் பற்றரியிலிருந்து,
வெள்ளை சாவியிலிருந்து,
நீலம் முன்லைட்டுக்கு.
பச்சையில் வெள்ளை வரி வலது கைக்கு,
பச்சையில் சிவப்பு வரி இடது கைக்கு.
கை என்றால் கைதான்.
இந்தக் காரில் சிக்னல் மினுங்காது,
கதவுத் தூணுக்குள்ளிருந்து
செம்மஞ்சள் கையொன்று வெளியே நீளும்
வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி.

வீடு அக்கா பூரணலெட்சுமிக்கு, சீதனம்.
காணி விற்றுக் காசாகிவிட்டது.
கார் எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்குப் பாதி என்று
அப்பா எழுதிவைத்தார்.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.

ஒரு தோணி எஞ்சினால்
நாங்கள் கதைக்காமல் விட்டு ஒன்பது வருஷம்.
சேதியிருந்தால் மச்சாளிடம் போகும்,
மச்சாளிலிருந்து அக்காவுக்கு,
அக்கா மகன் டிலக்சனுக்கு,
அவன் எனக்கு.
வந்து சேரும்போது அதில் சத்திருக்காது.

எல்லா வேலையும் தனியே முடியும்.
சோதிக்கத்தான் ரெண்டு பேர் வேணும்,
சுவிட்ச் போட ஒருவன், பார்த்துச் சொல்ல ஒருவன்.
டிலக்சனுக்கு ரியூசன்.
அக்கா, சோறு கொதிக்குது என்கிறாள்.
திறந்த கதவுக்கு வெளியே, என் காலுக்குப் பக்கத்தில்
இன்னொரு சோடிக் கால் வந்து நின்றது.
இடது சுண்டுவிரலில் நகமில்லை.
கிருபைராசா.
கால் பின்பக்கம் நடந்து போனது.

காற்றைப் பார்த்துக் கேட்டேன்:
"எரியுதா?"
காற்று சொன்னது: "இல்ல."
"இப்ப?"
"ஒள்ளமா."
"பிரேக்?"
"மறுகா அமத்து."

பிரேக்கைக் கையால் அழுத்தினால்
பின்னால் ஒன்றுமில்லையாம்,
என் முகத்துக்கு மேலே டாஷ்போர்ட் மினுங்குகிறது.
இந்த நோய் எனக்குத் தெரியும்.
பின்லைட்டுக்கு ஏர்த் இல்லை.
போன கரண்ட் திரும்ப வழியில்லாமல்
பக்கத்து இழைக்குள் புகுந்து
முன்பக்கம் ஓடி
ஊரெல்லாம் கிறுகி
என் மூக்குக்கு மேல் வந்து நிற்கிறது.

"ஏர்த் பிடிக்கல," என்றேன்.
"கறள்," என்றது பின்பக்கம்.
சாண்பேப்பர் எடுக்கச் சொல்லவில்லை,
தேய்க்கும் சத்தம் வந்தது.
கனநேரம் தேய்த்தான்.
அந்த போல்ட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

"எரியுது."
"ரெண்டுமா?"
"ரெண்டும்."

இடது கை முதல் தடவையே எழும்பியது.
வலது கை தூணுக்குள் டிக் என்றது, வரவில்லை.
அண்ணன் விரலை விட்டு இழுத்தான்.
வந்தது, வெளிச்சமும் வந்தது,
சுவிட்சை மூடினால் உள்ளே போகமாட்டேன் என்கிறது.
"ஒயில் விடணும். நாளைக்குக் கொண்டு வாறன்"
என்றான், காரிடம்.
கிணற்றடியில் கை கழுவி
அக்காவின் தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டான்.

பற்றரியைக் கழற்றிவிட்டேன்.
பொழுதுபட்டும் அந்த வலது கை
நீட்டியபடியே நிற்கிறது.
அக்காவின் கோழியொன்று அதில் அடைய ஏறப் பார்த்து
ரெண்டு தரம் விழுந்தது.